கட்டை வேறு இடத்தில் இருந்தது

எங்கள் தெருவில் சாக்கடை ஓரம் ஓர் அம்மிக்கல் ஒரு மாதத்துக்கு மேல் குப்புறக் கிடந்தது. ஆளைக் கொன்ற கல் என்று அதன்மேல் பழி. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைக் காட்டி உச்சுக் கொட்டினார்கள். நாய்கூட அதன் பக்கத்தில் படுப்பதில்லை என்று மூலை வீட்டுக்காரர் சொன்னார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அந்தக் கல் ஒரு பாவமும் செய்யவில்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்காமல் தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தேன்.

கல் எதிர் வீட்டு அக்காவுடையது. அவர் எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தெருவில் யாராவது எதையாவது தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கினால் போதும், அக்கா வந்து நின்றுவிடுவார். ஃபிரிட்ஜைத் தூக்கி அடியில் கூட்டுகிறோமா, அக்கா. ஆட்டோவுக்கு டயர் கழற்றுகிறார்களா, அக்கா. இடுப்புக்கு ஒன்றாக இரண்டு கட்டைகளை இடுக்கிக்கொண்டு வருவார். வாங்க போங்க கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. ஒரே கேள்விதான்.

"கட்டை வெச்சியா?"

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டையை அறுத்துச் செய்தவை அவை. ஒரு முழ நீளம். பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய், ஒரு கையால் தூக்கினால் தோள்பட்டை இறங்கும். அக்கா அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல அனாயாசமாகத் தூக்கி வருவார். ஐம்பதைத் தொட்ட வயது, சர்க்கரை வியாதி, ஆனாலும் கைகள் இரும்பு. ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையல்கூடத்தில் வேலை. அங்கேயும் இதே கதைதான். சோறு வடிக்க அண்டாவைச் சாய்க்கும்போது அந்தப் பக்கம் கட்டை வைக்காமல் கரண்டியைத் தொட மாட்டாராம். கட்டை வைத்ததில் ஒருநாள் சோறு குழைந்துவிட்டது என்று வார்டன் திட்டியபோது, "சோறு கொழைஞ்சா தின்னுக்கலாம் சார், ஆளு கொழைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாராம்.

அவருக்குக் 'கட்டைக்கா' என்று பெயர் வைத்தது நான்தான். தெரு பூராவும் அது ஒட்டிக்கொண்டது. அவர் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கு விதைக் கம்பெனியில் வேலை. மக்காச்சோள விதை, பருத்தி விதை. ஒருநாள் சிறுவாச்சூர், ஒருநாள் ஆண்டிமடம், ஒருநாள் தா.பழூர் என்று பெரம்பலூரிலிருந்து கிளம்பினால் இருட்டித்தான் வீடு திரும்புவேன். என் வண்டி கனத்த பழைய பைக். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் பாத்திரம் அதிரும். எந்த மெக்கானிக்கோடும் எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஒத்துப்போனதில்லை. அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், கடைசியில் ஸ்பேனரை அவன் கையிலிருந்து பிடுங்கும் நிலைக்கு வந்துவிடும். அதனால் நானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். கார் வாங்குவேன் என்று கட்டிய போர்ட்டிகோ சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒர்க்‌ஷாப் ஆனது.

போனிலேயே ஆர்டர் போட்டு ஒரு ஜாக்கி வாங்கினேன். சிவப்புப் பெயின்ட். நடுவில் இருக்கும் போல்ட்டைத் திருகத் திருகக் கத்தரிக்கோல்போல விரிந்து, மேலே உள்ள தட்டு வண்டியை அடியிலிருந்து அப்படியே தூக்கும். இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பியதும் எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. படிக்காமல் அலமாரியில் செருகினேன்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு கட்டைகளோடு அக்கா.

"இது என்ன தம்பி?"

"ஜாக்கிக்கா. வண்டியத் தூக்கறது."

"தூக்கறது சரி. தாங்கறது எது?"

"அதேதான் தாங்கும். ஐநூறு கிலோ தாங்கும்னு பொட்டியிலயே போட்டிருக்கான். வண்டி இருநூறுகூட வராது."

"பொட்டியில போட்டவன் வந்து அடியில கைய வுடுவானா?"

"முட்டுக்கட்டை போடாதீங்கக்கா" என்றேன். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, ஜாக்கிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வண்டியின் அடிச்சட்டத்துக்கு நேர் கீழே கட்டைகளை நகர்த்தினார். "கொஞ்சம் எறக்கு" என்றார். ஜாக்கியை இரண்டு திருகு இறக்கினேன். வண்டி கட்டைகளின்மேல் உட்கார்ந்தது. ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"தூக்கறது வேற, தாங்கறது வேற தம்பி. ஜாக்கி தூக்கிட்டுப் போற விருந்தாளி. கட்டைதான் வூட்டு ஆளு."

எனக்குப் புத்தி சொல்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. அதிலும் ஜாக்கியைப் பிடித்தே பார்க்காத ஒருவர் வந்து என் போர்ட்டிகோவில் சொன்னால்? ஆனாலும் அவர் முன்னால் வைத்துக்கொள்வேன். அவர் போனதும் எடுத்துவிடவும் முடியாது, மாடியிலிருந்து பார்ப்பார். இப்படியே ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டைகள் வந்தன, போயின. பிறகு, "இங்கயே கெடக்கட்டும். எனக்கு வேணும்னா வந்து எடுத்துக்கறேன்" என்று விட்டுவிட்டார். அவர் அந்தக் கட்டைகளை இன்னொருவர் வீட்டில் விட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவர் மகள் சொன்னாள்.

தேருக்குப் போனாலும் அவர் பார்ப்பது வேறு. ஊரே தேரில் இருக்கும் சாமியைப் பார்த்துக் கையெடுக்கும்போது, அக்கா தேர்ச்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடும் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் குனிந்து கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுக்கும்வரை இவருக்கு மூச்சு வராது. ஒரு வருடம் என் மனைவியிடம், "அந்த ஆளு பேரு என்னன்னு யாருக்காச்சும் தெரியுதா பாரு. சாமி பேரு மட்டும் தெரியும்" என்று சலித்துக்கொண்டாராம்.

இதெல்லாம் ஏன் என்று எனக்கு இரண்டு வருடம் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை, கிண்டல் செய்யத்தான் தோன்றியது. ஒருநாள் தா.பழூரில் அவர் அண்ணன் வீட்டு விசேஷம். நானும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அரியலூர் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வர ஆரம்பித்தன. சாலையோரப் புளியமரங்கள் எல்லாம் வெள்ளை. ஓர் இடத்தில் டிப்பர் லாரி ஒன்று பின்பக்கப் பெட்டியை வானத்துக்குத் தூக்கிக் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து என் தோளில் ஒரு பிடி. நகம் பதிந்தது.

"வேகமாப் போ தம்பி. அதப் பாக்காம போ."

கொஞ்ச தூரம் போனபின் டீக்கடையில் நிறுத்தினேன். டீ ஆறியபின் தானாகவே சொன்னார்.

அவர் கணவர் டிப்பர் டிரைவர். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. லோடு இறக்கும்போது தூக்கும் பைப்பில் எண்ணெய் கசிந்திருக்கிறது. தூக்கிய பெட்டியை அப்படியே நிற்க வைத்துவிட்டு, பார்க்கலாம் என்று அடியில் நுழைந்தார். பெட்டி இறங்கிவிட்டது.

"முட்டு குடுக்க லாரியில கட்டை இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சே. கட்டை இல்லாம சாவல தம்பி." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பள்ளமான எடம், லாரி உருளப் போவுதுன்னு கட்டைய எடுத்து டயருக்குக் குடுத்திருந்தாரு. கட்டை வேற எடத்துல இருந்துச்சு."

ஓனர் வீட்டில் டிபன் கேரியர், துண்டு, செருப்பு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தபோது அக்கா அந்தக் கட்டையையும் கேட்டு வாங்கினார். மரவாடியில் கொடுத்து இரண்டாக அறுத்தார். "ஒண்ணா இருந்தா ஒரு எடத்துலதான் இருக்கும். ரெண்டா இருந்தா ஒண்ணு தப்பினாலும் இன்னொண்ணு இருக்கும்ல" என்றார். இந்தக் கட்டை மண்ணுக்குப் போகிறவரை அந்தக் கட்டை கூடவே இருக்கும் என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கட்டைகளையும் வைத்து, பூஜைக்கு மின்ன வேண்டும் என்று பின்சக்கரத்தைக் கழற்றித் துடைத்தேன். பார்த்தால் பிரேக் ஷூ தேய்ந்து கிடந்தது. கையோடு மாற்றிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாழைக்கன்றுக்கு நடுவில் நின்றுகொண்டு, "படையல் போட்டாச்சுங்க. இனிமே ஒரு நட்டுகூட எடுக்க மாட்டேன். நாளைக்கு வாங்க" என்றார். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தானே. படையலில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. அன்று ஒருநாள் அவற்றுக்கு ஓய்வு. பழைய ஷூவோடு சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கியிருக்கலாம். மறுபடியும் கழற்ற வேண்டுமே என்ற சோம்பலில் அப்படியே விட்டேன்.

மூன்று மணிக்கு என் மனைவி போர்ட்டிகோவைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டாள். சுவரோரம் பலகை போட்டு ஸ்பேனர், திருப்புளி, அரிவாள்மனை, தையல் மிஷினின் கத்தரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கினாள். "எல்லாம் வெச்சாச்சா? ஒண்ணும் விட்டுப்போவலியே?" என்று கேட்டாள்.

"கட்டைக்காவோட ஆயுதத்த விட்டுட்டமே" என்றேன்.

அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்ததும் எனக்கே சிரிப்பு. ஜாக்கியை நான்கு திருகு ஏற்றி, இரண்டு கட்டைகளையும் உருவி எடுத்தேன். துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்பேனர்களுக்கு நடுவில் ராஜா ராணிபோல உட்கார வைத்தேன். அக்கா வந்து பார்த்தால் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டேன். கேலிதான். ஆனால் முழுக் கேலியும் இல்லை. அவர் மனம் குளிரும் என்றும் நினைத்தேன். ஜாக்கிக்கு நின்ற இடத்திலேயே ஒரு பொட்டு. கற்பூரம் காட்டினோம்.

ஐந்து மணிக்கு அக்கா வந்தார். பொரி வாங்கிக்கொள்ளக் கையில் ஒரு கிண்ணம். உள்ளே நுழைந்ததும் அவர் பார்த்தது படையலை அல்ல, வண்டியை.

"தம்பி, கட்டை எங்க?"

"அங்க பாருங்கக்கா. உங்க ஆயுதம் சாமிகிட்ட இருக்கு."

பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படையலுக்கு முன்னால் போய்க் கும்பிட்டார். கட்டைகளையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

"படையல்ல இருந்தா எடுக்கக் கூடாதுதான்" என்றார் மெதுவாக. பிறகு திரும்பி, "அப்ப வேற எதாச்சும் வை" என்றார்.

"காலைல எறக்கிடுவேன்கா. அதும்மேல யாரு கை வெக்கப்போறா?"

"புள்ளைங்க ஓடியாடற வூடு தம்பி."

"இருங்கக்கா, பொரி எடுத்தாரேன்" என்று உள்ளே போனேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. பொரியைக் கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும் என்றுதான் போனேன்.

காம்பவுண்டு ஓரம் வீடு கட்டியபோது மிஞ்சிய சிமெண்டுக் கற்கள் கிடந்தன. அக்கா அதில் ஒன்றைத் தூக்கிவந்து, குனிந்து, வண்டிக்கு அடியில் தள்ளியிருக்கிறார். கல் ஜாக்கியின் காலில் இடித்திருக்க வேண்டும். கழுவிய ஈரம் காயாத டைல்ஸ். பின்சக்கரம் இல்லாததால் வண்டி ஏற்கெனவே முன்பக்கம் கனத்துக்கொண்டிருந்தது. ஜாக்கி ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும்.

சத்தம் கேட்டு ஓடிவந்தபோது வண்டி சாய்ந்து கிடந்தது. கல்லுக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அவருடைய வலது கை. அவர் கத்தவில்லை. "புள்ளைங்க எங்க? புள்ளைங்க எங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். கையை வெளியே எடுத்தபோது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துண்டைச் சுற்றினேன். ஆட்டோவுக்குப் போன் செய்தேன். அக்கா எழுந்து, நசுங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்து தன் வீட்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்கக்கா போறீங்க?"

"ஆட்டோவ என் வூட்டு வாசல்ல நிறுத்தச் சொல்லு. அம்மிக்கல்லு விழுந்துருச்சுன்னு சொல்லிடறேன். நீயும் அதையே சொல்லு. போலீசு கேசுன்னா உன் வேலைக்கு ஆவாது."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவரும் அம்மி என்றார், நானும் அம்மி என்றேன். ஆண்டிமடத்திலிருந்து ஓடிவந்த மகளிடமும் அதையே சொன்னோம்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் கட்டைகளைக் கொண்டுபோய் அவர் வீட்டுக்குள் வைத்தேன். பொட்டைத் துடைக்கத் தைரியம் வரவில்லை.

இரண்டு விரல் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். ஆனால் அக்கா பதினைந்தாம் நாளே ஹாஸ்டல் வேலைக்குப் போனார். ஈரத்தில் நின்றார். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. கறுத்தது. திருச்சிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டு வரை எடுத்தார்கள். பிறகு முழங்கை என்றார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று ஒருநாள் சொன்னார்கள். போய்ப் பார்க்கும்போதெல்லாம் மகள் பக்கத்தில் இருப்பாள். அக்கா என்னைப் பார்த்து, "வண்டியில சக்கரத்த மாட்டிட்டியா?" என்று மட்டும் கேட்பார். மாட்டிவிட்டேன் என்பேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு இருக்காது. படையல் நாளிலிருந்து நாற்பதாவது நாள் போய்ச் சேர்ந்தார்.

தா.பழூரிலிருந்து அண்ணன்மார் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தினார்கள். மகள் அழுகைக்கு நடுவில் என்னைக் கைகாட்டி, "எதுத்த வூட்டு மாமாவும் ஒரு கோடி போடட்டும். கூடப்பொறந்தவங்களவிட அவருதான் ஓடி ஓடிப் பாத்தாரு" என்றாள். போட்டேன். யார் முகத்தையும் பார்க்காமல் ஒதுங்கி நின்றதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுடுகாட்டில் விறகை அடுக்கி வரட்டி மூடும் நேரத்தில் அங்கே வேலை செய்பவர் திரும்பிக் கேட்டார்.

"நெஞ்சாங்கட்டை வெச்சாச்சா?"

எரியும்போது உடல் எழும்பாமல் இருக்க நெஞ்சின்மேல் வைக்கும் கனத்த கட்டை. யாரோ கொண்டுபோய் வைத்தார்கள். வைத்தவர் திரும்பி வரும்வரை நான் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் மகள் இரண்டு ஆள் வைத்து அம்மிக்கல்லை வீட்டுக்குள்ளிருந்து உருட்டிவந்து சாக்கடை ஓரம் குப்புறத் தள்ளினாள். "எங்கம்மாவக் கொன்ன கல்லு எனக்கு வூட்டுக்குள்ள வேணாம்" என்றாள். குப்புறத் தள்ளுமுன் அதன் மேல்பக்கத்தில் எச்சில் துப்பியிருந்தாள். நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிவப்பு ஜாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் நன்றாக ஏறி இறங்குகிறது. அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பெட்டியில் வந்த அந்தத் தாள் கிடைத்தது. பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இது தூக்குவதற்கு மட்டும். சமதளமான உலர்ந்த தரையில் மட்டும். தூக்கியபின் முட்டு வைக்காமல் அடியில் கையை விடாதீர்கள். அக்கா சொன்னதேதான்.

காரியம் எல்லாம் முடிந்து, வீட்டைக் காலி செய்ய மகள் போன வாரம் வந்திருந்தாள். சாமான்களை வேனில் அனுப்பிவிட்டு, கடைசியாக ஒரு கட்டைப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பைக்குள் இரண்டு கட்டைகளும் இருந்தன. போர்ட்டிகோவில் எடுத்து வைத்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில சொல்லுச்சு மாமா. 'இத எதுத்த வூட்டுத் தம்பிகிட்டக் குடுத்துடு. அவன்தான் வெக்க மாட்டான்'னு."

அவள் குனிந்து ஒரு கட்டையை விரலால் தடவினாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது.

"இதுல யாரு மாமா பொட்டு வெச்சது? அம்மா இதுக்கெல்லாம் பொட்டு வெக்காது. அப்பா ரத்தம் பட்ட கட்டைன்னு தண்ணிகூட ஊத்தாது."

சாமி கும்பிட்டோம் என்று சொல்லியிருந்தால் போயிருப்பாள். வேன் காத்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே, அந்த அம்மிக்கல் குப்புறக் கிடந்தது தெரிந்தது.

"நான்தாம்மா வெச்சேன்" என்றேன். "ஆயுத பூஜை அன்னிக்கு. அம்மிக்கல்லு இல்லம்மா. இங்கதான். இந்த எடத்துலதான். கட்டை வேற எடத்துல இருந்துச்சு."

ஒன்பது வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த வார்த்தை அது. அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் தரையைப் பார்த்தாள். சுவரோரம் பலகை போட்டிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அம்மா பாத்துச்சா? கட்டை அங்க இருந்தத?"

"பாத்தாங்க. படையல்ல இருந்தா எடுக்கக் கூடாதுதான்னு சொன்னாங்க."

கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்திருக்கலாம்ல மாமா" என்றாள். "சாமி என்ன செஞ்சிருக்கும்?"

இரண்டு கட்டைகளையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள். கேட்டைத் திறந்து போனவள், அம்மிக்கல் பக்கத்தில் நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லைத் தனியாகவே நிமிர்த்தப் பார்த்தாள். ஒரு பக்கம் எழும்பியது, மேலே வரவில்லை. நான் ஓடிப்போய் அடியில் கையைக் கொடுத்தேன்.

"கைய எடுங்க!"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கையை இழுத்துக்கொண்டேன். கல்லை ஒரு முழங்காலால் தாங்கிக்கொண்டே, பையிலிருந்து ஒரு கட்டையை இழுத்துக் காலால் அடியில் தள்ளினாள். கல் கட்டையின்மேல் உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தாள். "இப்பப் புடிங்க" என்றாள். இருவருமாகப் புரட்டி நிமிர்த்தினோம். துப்பிய இடத்தை முந்தானையால் துடைத்தாள்.

பிறகு கட்டையை எடுத்து மண்ணைத் தட்டிப் பைக்குள் வைத்தாள்.

"உங்ககிட்டக் குடுக்கச் சொல்லித்தான் அம்மா சொல்லுச்சு" என்றாள் என்னைப் பார்க்காமல். "குடுக்க மனசு வரல மாமா."

பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.